வெயிலும் வெந்நீரும்

நம் வீடுகளுக்குப் பச்சைத் தேநீர் பெரும்பாலும் மருந்தாகத்தான் வந்து சேர்கிறது. எடை குறைய வேண்டும், சர்க்கரை ஏறக்கூடாது, யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய பொட்டலம். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் டீ பேக்கைப் போட்டு, வேறு வேலையில் மூழ்கி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் வாய் சுருங்கும் கசப்பு. தேனும் எலுமிச்சையும் விட்டு ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறோம். இப்படிக் குடித்தவர்கள் ‘க்ரீன் டீ நமக்கு ஒத்துவராது’ என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கசப்பில் பெரும்பங்கு தண்ணீரின் சூட்டுக்குத்தான் சேரும்.

நல்ல ஜப்பானியச் செஞ்சா இலையை 70 டிகிரிக்கு ஆறிய தண்ணீரில் ஒரே நிமிடம் வைத்து வடித்துப் பாருங்கள். வெந்த இளம் பட்டாணியின் வாசனை முதலில் எழும். நாக்கில் படரும் சுவையில் இனிப்பும் இருக்கும், உப்பே சேராத ஒரு செறிவும் இருக்கும். துவர்ப்பு கடைசியில்தான் வரும். வாயைக் கழுவிவிட்டுப் போய்விடும். பாலும் சர்க்கரையும் கலந்த தேநீரிலேயே வளர்ந்த நாக்குக்கு இது புதிய அனுபவம். அதற்காக நாக்கைப் பழக்க வேண்டியதில்லை, தண்ணீரை ஆறவிட்டாலே போதும்.

செஞ்சா, கியோகுரோ, கபுசெச்சா, மாச்சா, பான்சா, ஹோஜிச்சா, கென்மாய்ச்சா என்று கடையின் பெயர்ப் பலகை நீளும்போது புதியவர்கள் மிரண்டுபோவார்கள். இத்தனைக்கும் இரண்டு கேள்விகள் போதும் என்பது என் எண்ணம். கொழுந்து செடியில் இருந்தபோது எவ்வளவு வெயில் கண்டது? பறித்த பிறகு எவ்வளவு சூடு கண்டது? மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்தும் தானாகப் பிரிந்து வரும்.

செடி ஒன்றுதான். கமேலியா சினென்சிஸ். நீலகிரியிலும் வால்பாறையிலும் மலைச்சரிவை மூடிக் கிடப்பதும் இதே இனம்தான். கறுப்புத் தேநீர், பச்சைத் தேநீர் என்ற வேறுபாடு பறித்த பிறகே தொடங்குகிறது. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கறுத்துப்போவதைப் பார்த்திருப்போம். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அந்த வேலையைச் செய்வது ஒரு நொதி. தேயிலையிலும் அதே வகை நொதி உண்டு. நம் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி, நசுக்கி, அந்த நொதியைத் தாராளமாக வேலை செய்ய விடுகிறார்கள். இலை செம்பழுப்பாகி, நாம் அறிந்த டீயின் நிறமும் மணமும் பிறக்கின்றன. பச்சைத் தேநீர் செய்பவர் பறித்த வேகத்திலேயே அந்த நொதியைச் சூட்டால் முடக்கிவிடுகிறார். சீனாவில் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுத்து முடக்குவார்கள். ஜப்பானில் நீராவி. வழக்கமான செஞ்சாவுக்கு அரை நிமிட ஆவியே போதும். சட்டியில் வறுத்த இலையில் ஒரு வறுவல் மணம் ஏறிவிடும். ஆவி கண்ட இலையிலோ கீரையின் பச்சை வாசனையும் கடற்பாசியின் சாயலும் அப்படியே தங்கிவிடுகின்றன. ஜப்பானியத் தேநீரை முதன்முதலில் முகர்பவர்கள் ‘என்ன இது, கடல் வாசனை!’ என்று புருவம் உயர்த்துவது இதனால்தான். கியூஷூ தீவில் உரெஷினோ போன்ற சில இடங்களில் மட்டும் சீன வழியில் வறுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

இன்று செஞ்சா என்று நாம் குடிக்கும் தேநீருக்கு 1738ஆம் ஆண்டைப் பிறந்த ஆண்டாகச் சொல்வார்கள். அதற்கு முன் ஜப்பானில் மேட்டுக்குடியினருக்குத் தூளாக்கி அடித்துக் குடிக்கும் மாச்சா இருந்தது; சாதாரண மக்களுக்கு இலையைக் கொதிக்கவைத்து இறக்கிய பழுப்புக் கஷாயம்தான். கியோட்டோவுக்குத் தெற்கே, ஊஜிதவாரா என்ற மலையூரைச் சேர்ந்த நகதானி சோயென் என்ற விவசாயி, நிழல் போடாத தோட்டத்தின் இளங்கொழுந்தை மட்டும் எடுத்து ஆவியில் அவித்து, அடியில் கணப்பு எரியும் மேசையின்மேல் கையால் உருட்டி உருட்டிக் காயவைத்தார். நீரில் போட்டதும் தெளிந்த பச்சையாக இறங்கும் தேநீர் அப்படி வந்தது. அதைச் சுமந்துகொண்டு அவர் எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, நடந்துபோனார். அங்கே யமமோட்டோ கஹெய் என்ற வணிகர் அதன் அருமையைக் கண்டுகொண்டு விற்பனைக்கு எடுத்தார்.

அந்த உருட்டலுக்கும் காரணம் உண்டு. பறித்த கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். மேற்பரப்பு மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் இலை கெட்டுவிடும். அழுத்தி உருட்டும்போது உள்ளீரம் வெளியே வருகிறது, செல்சுவர்கள் இளகுகின்றன, இலை ஊசியாகச் சுருள்கிறது. கடைசியில் எஞ்சும் ஈரம் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். இன்று இதை எந்திரங்கள் செய்கின்றன. ஆனால் ஆவி, உருட்டல், மறு உருட்டல், ஊசி வடிவம், உலர்த்தல் என்று சோயெனின் கைகள் போன வழியிலேயேதான் அவையும் போகின்றன. 1885இல் ஜப்பானில் காப்புரிமைச் சட்டம் வந்தபோது, தக்கபயாஷி கென்சோ என்ற மருத்துவரின் தேயிலை எந்திரங்கள் அந்நாட்டின் முதல் சில காப்புரிமைகளுக்குள் இடம்பிடித்தன. அந்தக் காலத்தில் தேயிலை அவர்களின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்.

இனி வெயிலுக்கு வருவோம். இந்தச் செடி தன் வேரில் தியனின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கிறது. தாவர உலகில் வேறெங்கும் அரிதாகவே காணப்படும் பொருள் இது. குளிர்காலம் முழுவதும் செடி உறங்கிக் கிடக்கும்போது சேர்ந்த தியனின், வசந்தத்தில் சாற்றோடு ஏறிக் கொழுந்துக்கு வருகிறது. இலையில் வெயில் பட்டதும் தியனின் சிதைகிறது. அதன் ஒரு பகுதி கேட்டகின்கள் உருவாகப் பயன்படுகிறது. கேட்டகின்கள்தான் துவர்ப்பும் கசப்பும். புற ஊதாக் கதிரிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் இலையைக் காக்கும் கவசம் அது. தியனின் சுவைக்கு இனிமையும் செறிவும் தருவது. ஆக, வெயில் ஏற ஏற இலையில் இனிமை குறைந்து துவர்ப்பு கூடுகிறது. மே மாதத் தொடக்கத்தில் பறிக்கும் முதல் கொழுந்து ஏன் விலை உயர்ந்தது, கோடையில் பறிக்கும் இரண்டாம், மூன்றாம் கொழுந்து ஏன் கடுமையாக இருக்கிறது என்பதற்கெல்லாம் விடை இதுதான். வசந்தம் தொடங்குவதாகக் கணக்கிடும் நாளிலிருந்து 88ஆம் நாள், ஏறக்குறைய மே 2, ஜப்பானியர்களுக்குக் கொழுந்து பறிக்கும் நல்ல நாள்.

இந்த வேதியியலெல்லாம் தெரிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கியோட்டோவை அடுத்த ஊஜியின் விவசாயிகள் தோட்டத்துக்குப் பந்தல் போட்டுவிட்டார்கள். பனியிலிருந்து தளிரைக் காக்கப் போட்டிருக்கலாம். போட்ட பிறகு தேநீரின் ருசி மாறியதைக் கவனித்திருக்கிறார்கள். பழைய முறையில் மரக்கால்கள் நட்டு, அவற்றின்மேல் நாணல் தட்டிகளை விரித்து, சில நாள் கழித்து வைக்கோலைப் பரப்புவார்கள். பகல் நேரத்தில் உள்ளே நுழைந்தால் அந்தி மயங்கியதுபோல் இருக்கும்; வைக்கோல் முழுதும் போட்ட பிறகு வெளிச்சத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தடுக்கப்பட்டுவிடும். இன்று பல தோட்டங்களில் கறுப்பு நெகிழி வலை அந்த வேலையைச் செய்கிறது. இருபது நாள் இப்படி இருட்டில் வைத்தால் இலை மெலிந்து அகலமாகிறது. கிடைக்கும் சொற்ப ஒளியையும் விடாமல் பிடிக்கப் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. தியனின் சிதையாமல் தங்கிவிடுகிறது. இதை ஊசியாக உருட்டினால் கியோகுரோ. உருட்டாமல் அப்படியே உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கி, கல் திரிகையில் அரைத்தால் மாச்சா. ஒன்றிரண்டு வாரம் மட்டும் மூடிவைத்தது கபுசெச்சா. மூடவே மூடாதது செஞ்சா. கியோகுரோவை 1835 வாக்கில் ஆறாம் யமமோட்டோ கஹெய் உருவாக்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. சோயெனிடம் தேநீர் வாங்கிய அதே கடையின் பிற்காலத் தலைமுறை!

நிழலில் வளர்ந்த இலைக்கென்றே ஒரு மணம் உண்டு. சுட்ட நோரிக் கடற்பாசியின் மணம். டைமீத்தைல் சல்பைடு என்ற எளிய கந்தகச் சேர்மம்தான் அதற்குக் காரணம். கடற்பாசியின் மணத்துக்கும் அதுவே காரணம். கியோகுரோப் பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கில் ஏறுவது இதுதான்.

கேட்டகினையும் தியனினையும் பிரித்துக் காட்டிய ஆராய்ச்சியில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லாமல் போகக்கூடாது. த்சுஜிமுரா மிச்சியோ, சைத்தாமாவில் 1888இல் பிறந்தவர். பெண்களை மாணவியராகச் சேர்க்காத பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத உதவியாளராக ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1924இல் உடன் பணியாற்றிய ஒருவரோடு சேர்ந்து பச்சைத் தேயிலையில் வைட்டமின் சி இருப்பதைக் கண்டறிந்தார். 1929இல் அதே இலையிலிருந்து கேட்டகினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1932இல் ஜப்பானின் முதல் பெண் வேளாண் முனைவர் ஆனார். இன்று எந்தக் க்ரீன் டீ விளம்பரத்திலும் கேட்டகின் என்ற சொல் இருக்கிறது. அவர் பெயரை எங்கும் காணோம். தியனினைக் கியோகுரோவிலிருந்து பிரித்தவர் கியோட்டோவின் தேயிலை ஆய்வு நிலையத்தில் இருந்த சகாதோ யஜிரோ, 1950 வாக்கில். இதற்கெல்லாம் முன்பே, 1908இல், இகேதா கிகுனே என்ற வேதியியலர் கொம்புக் கடற்பாசிச் சாற்றின் ருசிக்கு குளூட்டமேட் காரணம் என்று காட்டி அதை உமாமி என்று அழைத்திருந்தார். தேயிலையிலும் குளூட்டமேட் உண்டு. தியனினும் அதுவும் சேர்ந்துதான் நல்ல கியோகுரோவுக்கு அந்தக் கனத்தைக் கொடுக்கின்றன.

உமாமிதான் உயர்வு என்று நினைத்துவிடக் கூடாது. சந்தை அப்படி நினைத்ததன் விலையை மண் கொடுத்தது. அமினோ அமிலம் கூட வேண்டுமென்று தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டியதில், ஷிசுவோகா மாநிலத்தின் தேயிலைப் பகுதிகளில் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறியது. பிறகு உர அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. எனக்குப் பிடித்தவை அதே ஷிசுவோகாவின் மலைத் தேநீர்கள். ஓய் ஆற்றின் மேற்பகுதியில் கவானே போன்ற ஊர்களில் காலைப் பனிமூட்டமும் மலைநிழலும் பந்தல் இல்லாமலேயே வெயிலைத் தணிக்கின்றன. அந்தத் தேநீர் மெலிதாக, பொன்மஞ்சளாக இறங்கும். செறிவைவிட மணம்தான் அதில் முன்னிற்கும். பச்சைத் தேநீர் என்றால் கோப்பையில் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி இதைத் தள்ளிவிடுபவர்கள் நல்லதொன்றை இழக்கிறார்கள்.

அடர்பச்சையாகக் கலங்கி இறங்கும் செஞ்சாவுக்கு வேறு காரணம் உண்டு. ஷிசுவோகாவின் மக்கினோஹாரா பீடபூமியில் மெய்ஜி ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு, 1869 முதல், வேலையிழந்த சாமுராய்கள் வாளை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்துத் தேயிலை நட்டார்கள். வெட்டவெளி, நாளெல்லாம் வெயில், இலை தடித்து, துவர்ப்பு மிகுந்து வரும். அதை இணக்கமாக்கப் பிற்காலத்தில் அந்த வட்டாரத்தினர் ஆவியை நீட்டினார்கள். அரை நிமிடத்துக்குப் பதிலாக ஒன்று, ஒன்றரை நிமிடம். இலைத்திசு தளர்ந்து நொறுங்குகிறது, துவர்ப்பின் முனை மழுங்குகிறது, நுண்துகள்கள் நீரில் கலந்து நிறமும் கனமும் தருகின்றன. ஃபுகமுஷி செஞ்சா என்று கேட்டால் இதுதான் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். சூடு கொஞ்சம் கூடிப்போனாலும் பொறுத்துக்கொள்ளும்.

வெந்நீரின் கணக்கு இப்படி. அமினோ அமிலங்கள் ஆறிய நீரிலும் எளிதில் கரைந்துவிடும். கேட்டகின்களுக்கு, அதிலும் கடுந்துவர்ப்புள்ள வகைகளுக்கு, சூடு வேண்டும். காஃபினுக்கும் அப்படியே. எனவே கெட்டிலைச் சாய்க்கும் கைதான் கோப்பையில் எது எவ்வளவு இறங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. வெப்பமானி தேவையில்லை. கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 டிகிரி குறையும். குடிக்கப்போகும் கோப்பைகளிலேயே முதலில் ஊற்றி ஆறவிட்டால் கோப்பையும் சூடாகும், தண்ணீரின் அளவும் தெரிந்துவிடும்.

இருவருக்குச் செஞ்சா என்றால் தட்டையாக இரண்டு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் அளவு இலை. தண்ணீர் 150 முதல் 200 மில்லி. சூடு 70லிருந்து 80. நீரை ஊற்றி மூடி, கையை எடுத்துவிடுங்கள். ஆட்டவும் வேண்டாம், கரண்டியால் கிளறவும் வேண்டாம். கிளறினால் துவர்ப்பு முந்திக்கொள்ளும். ஒரு நிமிடத்தில் ஊசிகள் பாதி விரிந்திருக்கும். அப்போது ஒரு கோப்பையை நிரப்பிவிட்டு மற்றதற்குப் போகாமல், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாறி மாறி ஊற்ற வேண்டும். முதலில் இறங்குவது மெலிது, கடைசியில் இறங்குவது கனம். கடைசிச் சொட்டுவரை உதற வேண்டும். உள்ளே நீர் தேங்கினால் அடுத்த முறைக்கான இலை இப்போதே கசந்துபோகும். இரண்டாம் முறை சற்றுக் கூடுதல் சூடு, 10 அல்லது 15 விநாடி போதும், இலை ஏற்கெனவே திறந்திருக்கிறது. மூன்றாம் முறை இன்னும் சூடு. முதல் கோப்பையில் இனிமை, இரண்டாவதில் துவர்ப்போடு ஒரு சமன், மூன்றாவதில் சுத்தமான கசப்பு. இவற்றில் நான் தேடிக் குடிப்பது இரண்டாவதைத்தான்.

ஊற்றிய கோப்பையின் மேல் தூசிபோல வெண்மையாக ஏதோ மிதந்தால் கீழே கொட்டிவிடாதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் குட்டையான மயிரிழைகள் தெரியும். இளந்தளிரின் அடிப்புறத்தில் இருக்கும் பூமயிர் அது. இலை முற்றினால் உதிர்ந்துவிடும் என்பதால், அது மிதப்பது கொழுந்து உண்மையிலேயே இளசு என்பதற்குச் சாட்சி.

இதற்கென ஜப்பானியர் வைத்திருக்கும் பாத்திரம் கியூசு. பக்கவாட்டில் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மண்குடுவை. ஐச்சி மாநிலத்தின் தொகோனாமே ஊர்ச் செம்மண் கியூசுகளுக்குப் பெயர் அதிகம். வாங்க முடியாவிட்டால் குறையொன்றுமில்லை. மூடியுள்ள சிறு பாத்திரமும் நுண்கண் வடிகட்டியும் போதும். தண்ணீர்தான் முக்கியம். ஜப்பானின் நீர் பெரும்பாலும் மென்னீர். தேநீரும் அதற்கேற்பவே உருவானது. கடினமான ஆழ்குழாய் நீரில் போட்டால் மணம் அடங்கி, நிறம் மங்கி, நல்ல இலையும் வீணாகும். நம் ஊரில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்துவதே நல்லது.

கியோகுரோ இதைவிடப் பொறுமை கேட்கும். சூடு 50லிருந்து 60, நேரம் இரண்டு நிமிடம் அல்லது சற்று அதிகம். இலை நிறைய, தண்ணீர் மிகக் கொஞ்சம். கிடைப்பது சில மிடறுதான், ஆனால் எண்ணெய்போல் வழுவழுப்பாக வாயில் நிற்கும். வெதுவெதுப்பான நீர் காஃபினை இறக்காது என்று நம்பி இரவில் குடித்துவிடாதீர்கள். ஜப்பானின் உணவுச் சத்து அட்டவணைப்படி வழக்கமான முறையில் போட்ட கியோகுரோவில் 100 மில்லிக்கு 160 மில்லிகிராம் காஃபின், செஞ்சாவில் 20, காபியில் 60. நிழலில் வளர்ந்த இளந்தளிரில் காஃபினும் அதிகம், இலையின் அளவும் அதிகம். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் எந்தத் தேநீரையும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இருப்பது நல்லது. கேட்டகின்கள் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும்.

நம் வெயிலுக்கு ஏற்றது குளிர்நீர் முறை. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 முதல் 15 கிராம் செஞ்சாவைப் போட்டுக் குளிர்பெட்டியில் மூன்று நான்கு மணி நேரம் வைத்தால் கசப்பு ஏறக்குறைய இல்லாமல், இனிமை மட்டும் இறங்கியிருக்கும். காஃபினும் குறைவாகவே இறங்கும். பச்சைத் தேநீரை வெறுப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் கொடுத்துப் பார்க்கலாம்.

மறுமுனையில் ஹோஜிச்சா. முற்றிய இலை, காம்பு இவற்றை அதிகச் சூட்டில் வறுத்தது. வறுக்கும்போது பைரசின்கள் என்ற நறுமணச் சேர்மங்கள் உருவாகின்றன. வறுத்த தானியங்களிலும் காபியிலும் இருப்பவைதான். தியனின் பெரிதும் எரிந்துபோனதால் நிதானமாக ஆறவைக்க வேண்டிய தேவை இல்லை. கொதிநீரை நேராக ஊற்றி அரை நிமிடத்தில் வடிக்கலாம். பொரித்த அரிசி கலந்த கென்மாய்ச்சாவும், முற்றிய இலையில் செய்யும் பான்சாவும் அப்படியே. சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க இவையே பொருத்தம், விலையும் குறைவு.

ஜப்பானியத் தோட்டங்களின் பெரும்பகுதியில் நிற்பது யபுகிதா என்ற ஒரே ரகம். பிறர் தோட்டங்களில் நல்ல செடி தேடி அலைகிறார் என்று ஏளனத்துக்கு ஆளான சுகியாமா ஹிக்கோசபுரோ, 1908இல் ஷிசுவோகாவில் தேர்ந்தெடுத்த ஒரு செடியின் பதியன்கள்தான் இத்தனையும். அந்தத் தாய்ச்செடி இன்றும் உயிரோடு நிற்கிறது. பனியைத் தாங்கும், விளைச்சல் நன்று, ருசியும் ஒழுங்கு. ஆனால் நாடெங்கும் ஒரே ரகம் என்றால் ருசியும் ஒரே அச்சாகிவிடுகிறது. அசாத்சுயு என்ற ரகத்தை ‘இயற்கைக் கியோகுரோ’ என்பார்கள். பந்தல் இல்லாமலே செறிவு மிக்கது. யபுகிதாவையும் அதையும் கலந்து உருவாக்கிய சயேமிதோரி இப்போது தெற்கே ககோஷிமாவில் பரவியிருக்கிறது. நீண்ட காலமாக முதலிடத்தில் இருந்த ஷிசுவோகாவை ககோஷிமா 2024இல் உற்பத்தியில் முந்தியதற்கு, எந்திரம் ஓடத் தோதான அதன் சமநிலங்கள் முக்கியக் காரணம். மலைச்சரிவில் முதியவர்கள் பராமரிக்கும் சிறு தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுகின்றன. உலகெங்கும் பாலில் கலக்க மாச்சா கேட்கிறார்கள் என்று பல தோட்டங்கள் செஞ்சாவை விட்டு மாச்சாவுக்கான இலைக்கு மாறுகின்றன. விவசாயிக்கு வருமானம் வருவதில் மகிழ்ச்சிதான். ஆனால் கவானே செஞ்சா போன்ற தேநீர்கள் குடிப்பாரில்லாமல் மறைந்துவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

வாங்கும்போது 50 அல்லது 100 கிராம் பொட்டலமாக, பறித்த ஆண்டு குறிப்பிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பிரித்த பிறகு காற்று, வெளிச்சம், ஈரம் மூன்றும் எதிரிகள். பச்சையம் பழுப்பாகி, மணம் பழைய வைக்கோலாகிவிடும். இறுக மூடிய டப்பாவில் வைத்து ஒரு மாதத்துக்குள் குடித்துத் தீர்ப்பது நல்லது. பிரிக்காத பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்து அறைச்சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் இலையில் நீர் பூத்துவிடும்.

முதல் பொட்டலம் கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று கோப்பையிலும் ஒரே அளவு இலை. ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் 70 டிகிரி, ஒன்றில் கொதிநீர். குளிர்நீருக்கு அரைமணி கொடுங்கள், மற்றவற்றுக்கு ஒரு நிமிடம். வீட்டில் இருப்பவர்களை எது என்று சொல்லாமல் சுவைக்கச் சொல்லுங்கள். வடித்த இலையையும் தூக்கி எறிய வேண்டாம். நல்ல செஞ்சாவும் கியோகுரோவும் கீரையாகவே மென்மையாக இருக்கும். சில துளி சோயா சாஸும் எலுமிச்சையும் விட்டுச் சோற்றோடு சாப்பிடலாம். நீரில் கரையாத சத்துகளும் நாரும் அதில்தான் இருக்கின்றன.